கரிக்குருவி டீ குடிக்கப் போயிருக்கிறார்

பிப்ரவரி 3, செவ்வாய்

இடம் கிடைத்துவிட்டது. ஓவியர் வரிசையில் முப்பத்தோராம் மேசை. மெயில் வந்தபோது லேபில் ஒரு மேல்தாடைக்கு மெழுகு ஊற்றிக்கொண்டிருந்தேன். போனைப் பார்த்த அவசரத்தில் பாதி மெழுகு கைமேல் கொட்டிவிட்டது. பதினாறு வருடமாகப் பல் கட்டும் லேபில் வேலை பார்க்கிறேன், இப்படி ஒரு நாளும் கொட்டியதில்லை.

காமிக்ஸ் பைத்தியங்கள், கார்ட்டூன் பைத்தியங்கள் எல்லாம் வேஷம் கட்டிக்கொண்டு கூடுகிற இரண்டு நாள் திருவிழா. அதில் என்னைப் போல வீட்டில் உட்கார்ந்து வரைகிறவர்களுக்கு ஆளுக்கொரு மேசை. படத்தை அச்சடித்துக் கொண்டுபோய் விற்கலாம். நாற்பத்திரண்டு வயதில் எனக்கு இது தேவையா என்று கேட்டால் தேவையில்லைதான். அலமாரியில் தாள்கள் அடைத்துக்கொண்டு கிடக்கின்றன, கொஞ்சம் குறைந்தால் சேலை வைக்க இடமாகும். அவ்வளவே.

இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "ஏளா, நீ வரையுத படத்தையெல்லாம் ஆளுவ வாங்குவாங்களா?"

"வாங்காம? சும்மாவா மேசை குடுத்திருக்கான்?"

"சரி சரி. ரசம் ஊத்து."

பிப்ரவரி 5, வியாழன்

சிலிண்டர் இன்றும் வரவில்லை. லேபில் ஒரு பல்லுக்கு நிறத்தை இரண்டு முறை தப்பாக எடுத்துவிட்டேன். முதலாளி முறைத்தார், வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

எதை அச்சடிப்பது என்று தரை முழுக்கப் பரப்பி வைத்துக்கொண்டு காலையிலிருந்து நடக்கிறேன். எல்லாமே மாசாணம்தான். 'ஆழிக்கோட்டை' காமிக்ஸில் கதாநாயகனைக் கழிமுகத்தில் அக்கரை சேர்க்கிற ஓடக்காரன். ஒரு புத்தகத்துக்கு நாலு பக்கம் வருவான், அதிகம் பேச மாட்டான். கதாநாயகனை வரைய ஊரே இருக்கிறது. மாசாணத்தை வரைய நான் ஒருத்திதான். வீரபாகு என்கிறவர் எழுதி வரைந்த தொடர் அது, பதினோரு வருடம் முன்பு நின்றுபோனது. படித்தவர்கள் இன்னும் இணையத்தில் அதைப் பற்றியே அடித்துக்கொள்கிறார்கள்.

முதலில் இணையத்தில் என் சொந்தப் பேரில், சொந்தப் போட்டோவோடுதான் படம் போட்டேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை. படத்தைப் பற்றி இரண்டு பேர் எழுதினால் என்னைப் பற்றி இருபது பேர் எழுதினார்கள். சீச்சீ என்று மூடிவிட்டு, கரிக்குருவி என்ற பேரில் குருவிப் படத்தை வைத்துத் திரும்பத் தொடங்கினேன். இரண்டாம் நாளே எவனோ "சூப்பர் ப்ரோ" என்றான். அப்புறம் ப்ரோ, அண்ணா, தலைவா. நான் மறுக்கவில்லை. ஆறு வருடம் நிம்மதி. இதில் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை.

மாவு அரைக்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 12, வியாழன்

அச்சகத்துக்காரனைக் கொன்றிருப்பேன்.

கல்யாண பேனர், கண்ணீர் அஞ்சலி அடிக்கிற கடை. நான் கொடுத்த மாசாணம் கரிய நிறத்தவன், ராத்திரி, தண்ணீரும் இருட்டு. கடையில் போய்ப் பிரித்துப் பார்த்தால் புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று ஒருத்தன் துடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான்.

"டல்லா இருந்துச்சுக்கா. முகத்த கொஞ்சம் ஏத்திவிட்டேன். பல்லையும் வெள்ளையாக்கிட்டேன். எக்ஸ்ட்ரா சார்ஜ் இல்ல."

"உன்னை யாருய்யா ஏத்தச் சொன்னது?"

"எல்லாருக்கும் செய்யறதுதான்க்கா. கஸ்டமரே கேப்பாங்க."

"அந்தக் கருப்பைக் கொண்டுவரத்தான் நான் மூணு வாரம் உக்காந்திருக்கேன்! பல்லு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வெள்ளை, தெரியுமா உனக்கு? அதுல கை வெச்ச, நடக்கிறதே வேற!"

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே. கண்ணீர் அஞ்சலிக்குப் போட்டோ கொண்டுவந்திருந்த பெரியவர் மட்டும், "எங்கப்பா முகத்தையும் ஏத்தாதப்பா" என்று அவனிடம் மெதுவாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை திரும்ப அடித்துத் தருகிறானாம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

அச்சு சரியாக வந்துவிட்டது. பக்கத்திலேயே நின்றேன், தண்ணீர் குடிக்கக்கூட நகரவில்லை.

விருந்தினர் பட்டியல் போட்டிருக்கிறார்கள். வீரபாகு வருகிறார். வரட்டும், எனக்கென்ன.

பிப்ரவரி 17, செவ்வாய்

லேபில் லீவு கேட்டாகிவிட்டது, உறவுக்காரர் கல்யாணம் என்று. வருகிற வழியில் ஒரு குர்தா எடுத்தேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் ஸ்கூல் டீச்சர் மாதிரி இருக்கிறது. போய் மாற்றினேன். இதுவும் சரியில்லை, ஆனால் இனிமேல் போனால் கடைக்காரன் அடிப்பான்.

வீரபாகுவின் பழைய பேட்டி ஒன்று கிடைத்தது. மூன்று முறை கேட்டேன். சமையல் செய்யும்போது காதுக்கு ஏதாவது வேண்டுமல்லவா.

பிப்ரவரி 20, வெள்ளி

இவர் பிவிசி பைப்பை அறுத்துப் படம் மாட்ட ஒரு சட்டம் செய்து கொடுத்தார். லிஃப்ட் மெக்கானிக் கையால் செய்தது, யானை ஏறினாலும் அசையாது. தூக்கிக்கொண்டு நடப்பதுதான் கஷ்டம். மாட்டிய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இவன் யாரு, எல்லாத்துலயும் நிக்கான்?"

ஆறு வருடம் கழித்துக் கேட்கிறார். துணி மடிக்கப் போய்விட்டேன்.

பிப்ரவரி 21, சனி. மெட்ரோவில், வீட்டுக்குத் திரும்பும்போது.

எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

காலை பத்து மணிக்குக் கதவைத் திறந்தார்கள். வாள், இறக்கை, அட்டைக் கவசம் என்று கூட்டம் திமுதிமுவென்று வந்தது. என் மேசைக்கு முதலில் வந்தது இருபது வயதுப் பெண். பேர் மிருதுளா, இணையத்தில் என் படங்களுக்குக் கீழே எழுதி என்னிடம் பதில் வாங்குகிறவள். மாசாணம் மாதிரியே கருப்புத் தலைப்பாகை, தோளில் தெர்மோகோல் துடுப்பு. இந்த உலகத்தில் மாசாணம் வேஷம் போட ஒருத்தி இருக்கிறாள்! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"அக்கா, கரிக்குருவி அண்ணா எங்க?"

நான்தான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவள் பார்வை என்னைத் தாண்டிப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வியர்வையும் டிபன் பாக்ஸுமாக நிற்கிற நான்தான் அந்த அண்ணா என்றால் அந்த முகம் என்ன ஆகும் என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த ஒரு நொடியில் வாய் அதுவாகவே பேசிவிட்டது.

"டீ குடிக்கப் போயிருக்காரும்மா."

அவ்வளவுதான். அதற்கப்புறம் யார் கேட்டாலும் அதே பல்லவி. டீ குடிக்க. சாப்பிட. போன் பேச. படங்கள் போய்க்கொண்டே இருக்கின்றன, பாராட்டு எல்லாம் காலி நாற்காலிக்கு. "அண்ணா கிட்ட சொல்லுங்கக்கா, வேற லெவல்னு." சொல்லுகிறேன், சொல்லுகிறேன். பக்கத்து மேசையில் பூனை ஸ்டிக்கர் விற்கிற நஸ்ரீன் மத்தியானம் வரைக்கும் பொறுத்துப் பார்த்தாள்.

"அக்கா, உங்க ஆளு எவ்ளோ டீதான் குடிப்பாரு? வயிறு என்னத்துக்கு ஆகும்?"

"அவருக்குப் பழக்கம்" என்றேன். என் விரல் நகத்தில் இருந்த நீல மையைப் பார்த்துவிட்டு அவள் தன் பூனைகளை அடுக்கினாள். நாளை அஞ்சு மணிக்கு மாற்று நேரம் என்று அவள்தான் சொன்னாள். கடைசி நாள் கடைசி ஒரு மணி நேரம் வரைகிறவர்கள் விற்பனையை நிறுத்திவிட்டு ஒருவர் படத்தை ஒருவர் மாற்றிக்கொள்வார்களாம். முன்னால் நின்று, பின்பக்கம் தன் கையால் பேரெழுதித் தர வேண்டுமாம். "மேசைக்கு உதவிக்கு வந்தவங்களோட மாத்த மாட்டாங்கக்கா. வரைஞ்சவங்க இருக்கணும்." என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

நாலு மணிக்கு வீரபாகு வந்தார். போட்டோவில் பார்த்ததைவிடக் குள்ளம், கதர்ச் சட்டை. மாசாணம் ஓடத்தில் நின்று சிரிக்கிற படத்தை எடுத்துக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்த முன்பல் ஒண்ணு மட்டும் ஏன் வேற வெள்ளையா இருக்கு? அச்சுல தப்பா?"

தப்பாம்! எனக்குச் சுர்ரென்றது. எதிரில் நிற்பவர் யார் என்பதே மறந்துவிட்டது. "தப்பு இல்ல சார், அது கட்டின பல்லு. நாலாவது புத்தகத்துல சுங்கக்காரன் அடிச்சதுல மாசாணத்துக்கு முன்பல்லு போயிருச்சு. ஆறாவது புத்தகத்துல எல்லாப் பல்லும் இருக்கு. அப்ப நடுவுல எங்கயோ போய்க் கட்டியிருக்கணும்லா? கட்டின பல்லு என்னதான் நிறம் சேத்தாலும் ஒரு இழை காட்டிக் கொடுத்துரும்."

அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்றுவிட்டது. "அம்மா, அது நான் மறந்துபோய் வரைஞ்ச பல்லு! எத்தனை வருஷமாத் திட்டி லெட்டர் வருது தெரியுமா? அவனுக்குப் பல் கட்டிவிட்டு என் மானத்தைக் காப்பாத்தியிருக்கான் மனுஷன்! யாரு, உங்க வீட்டுக்காரரா?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய்க்குள் கொழுக்கட்டை. "ம்" என்றேன்.

"நாளைக்கு மாத்துற நேரத்துக்கு வர்றேன். ஒரு அசல் பக்கம் கொண்டாந்திருக்கேன், யாருக்குக் குடுக்கன்னு தெரியாம கையிலயே வெச்சிருந்தேன். ஆளை எங்கயும் விட்றாதீங்க."

அசல் பக்கம். அவர் கையால் மை போட்ட பக்கம். இந்தப் பெட்டியில் ஏசி இருந்தும் எனக்கு வேர்க்கிறது. இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிவிட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு. விடிகாலை.

நேற்று தோசை ஊற்றும்போது இவரிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எல்லாரும் ஆம்பளைன்னே நெனைச்சுட்டாங்களா? அப்ப நான் வேணா வந்து நிக்கட்டா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. தோசை கருகிக்கொண்டிருந்தது.

மிருதுளா "அண்ணா"வுக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். என் படத்துக்குத்தானே எழுதினாள், பிரிக்க எனக்கு உரிமை உண்டு என்று பிரித்துவிட்டேன். நாலு பக்கம். கல்லூரியில் அவளுக்கு நடந்ததெல்லாம் எழுதியிருக்கிறாள். கடைசியில், "ஒரு ஆம்பளை இவ்வளவு மரியாதையாப் பதில் எழுதி நான் பார்த்ததே இல்லை அண்ணா. நீங்க இருக்கீங்கன்னு நினைச்சாலே தைரியமா இருக்கு" என்று முடித்திருக்கிறாள்.

மடித்து வைத்துவிட்டேன். இன்று காலை போனதும் முதல் வேலையாகச் சொல்லிவிடுவேன். காபி இரண்டு தம்ளர் குடித்தாயிற்று.

பிப்ரவரி 23, திங்கள்

லேபுக்குப் போகவில்லை. கல்யாணம் நீண்டுவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

நேற்றுக் காலை சொல்லவில்லை. பத்து மணிக்கும் சொல்லவில்லை, பதினொன்றுக்கும் சொல்லவில்லை. கரிக்குருவி டிபன் சாப்பிடப் போயிருந்தார். மத்தியானம் பார்த்தால் இவர் வந்து நிற்கிறார். தீபாவளிக்கு எடுத்த நீலச் சட்டை, கையில் எலுமிச்சைச் சாதம். சரி, கொஞ்ச நேரம் மேசையைப் பாருங்கள் என்று பாத்ரூம் போனேன். பெண்கள் வரிசை அரங்கத்தைச் சுற்றி நின்றது. திரும்பி வர முக்கால் மணி நேரம்.

வந்து பார்த்தால் என் மேசையைச் சுற்றி ஒரே கூட்டம். நடுவில் இவர். மிருதுளா பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறாள், கண்ணெல்லாம் தண்ணீர். இவர் என் படத்தில், என் படத்தில், பேனாவால் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். இசக்கிமுத்து, தன் சொந்தப் பேர். கீழே தேதி. அதற்குக் கீழே நேரம், பிற்பகல் 1.50. லிஃப்ட் சர்வீஸ் அட்டையில் போடுகிற அதே வழக்கம்.

இழுத்து ஓரமாகக் கொண்டுபோனேன். "என்ன காரியம் பண்ணுதீங்க?"

"நீதானளா அப்படிச் சொல்லி வெச்சிருக்க? அந்தப் புள்ள வந்து நீங்கதானான்னு கேக்கு. இல்லைன்னா நீ பொய் சொன்ன மாதிரி ஆயிருமேன்னு ஆமான்னேன். ராத்திரி நான் கேட்டதுக்கு நீயும் வேண்டாம்னு சொல்லலியே?"

அதுதான் எரிச்சல். திட்டக்கூட வழியில்லை. என் பொய்யைத்தான் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், பிவிசி சட்டம் மாதிரி.

அதற்கப்புறம் மனுஷனுக்கு அது பிடித்துப்போய்விட்டது. "பொறுமை வேணும் தம்பி, அவசரப்பட்டு வரையக் கூடாது" என்று ஒருத்தனுக்கு உபதேசம். இவருக்கு ஒரு வட்டம் போடத் தெரியாது. நான் அவருக்குப் பின்னால் நின்று படத்தைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தேன். "அக்கா ரொம்ப சப்போர்ட்டா இருக்காங்கல்ல" என்று யாரோ சொன்னார்கள். ரப்பர் பேண்ட் அறுந்து விரலில் அடித்தது.

அஞ்சு மணி. விற்பனையை நிறுத்தச் சொல்லி மைக்கில் அறிவித்தார்கள். வீரபாகு நேராக எங்கள் மேசைக்கு வந்தார், பின்னால் பத்திருபது பேர். என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு. அப்புறம் இவர் முன்னால் போய் நின்று பக்கத்தை இரண்டு கையாலும் நீட்டினார். மாசாணம் முதன்முதலாக வருகிற பக்கம். மேலே ஓரத்தில் புது மையில், "தம்பி கரிக்குருவிக்கு, அன்புடன்."

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் தம்பி. அந்த ராத்திரித் தண்ணிக்குக் கருப்பை எப்படி அடுக்குனீங்க? நான் எத்தனையோ வருஷம் முட்டிப் பாத்துட்டேன், எனக்கு அது தார் மாதிரிதான் வருது."

இவர் பக்கத்தைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகத் தலையை என் பக்கம் சாய்த்தார். காதைக் கொடுக்கிறார்! நான் பதிலை அதில் ஓத வேண்டும், அவர் வாங்கிச் சொல்லுவார்.

அந்தக் காதைப் பார்த்ததும்தான் எனக்குத் தாங்கவில்லை.

"சார், அவரு லிஃப்ட் மெக்கானிக்."

எல்லாரும் சிரித்தார்கள். ஜோக் என்று நினைத்துவிட்டார்கள். இவரும் சேர்ந்து சிரித்தார்.

"வெளையாட்டுக்குச் சொல்லல. நான்தான் கரிக்குருவி. எல்லாம் நான் வரைஞ்சது. நேத்து டீயும் குடிக்கல, ஒண்ணும் குடிக்கல. நான் இங்கயேதான் இருந்தேன்."

சிரிப்பு நின்றது. வீரபாகு புருவத்தைச் சுருக்கி இவரிடம் திரும்பி, "அப்படியா தம்பி?" என்று கேட்டார்.

இவரிடம்!

"ஆமா சார். எனக்கு ஒரு எழவும் தெரியாது. எல்லாம் அவதான்" என்று இவர் எழுந்து நின்று சொன்னார். சொன்னதும் அத்தனை பேரும் ஓ என்றார்கள். நான் சொன்னபோது வராத ஓ. நல்லது நடக்கும்போதுகூட எனக்கு ஆத்திரம்தான் வந்தது, என்ன செய்ய.

"சார், அவரை ஏன் பாக்கீங்க? என்னைப் பாத்துக் கேளுங்க."

குரல் கொஞ்சம் பெரிதாகவே போய்விட்டது. நஸ்ரீன் தன் மேசையிலிருந்து எழுந்து நின்றாள். வீரபாகு முகம் சிவந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுசாக என் பக்கம் திரும்பினார்.

"மன்னிச்சிருங்கம்மா. கருப்பை எப்படி அடுக்குனீங்க?"

"கருப்பே இல்ல சார். ஒரு சொட்டு கிடையாது. பல்லு கட்டுற லேபுல நாங்க பீங்கான் மாவை மெல்லிசா ஒண்ணுமேல ஒண்ணு ஏத்துவோம், அடியில இருக்கது தெரியணும்னு. அதே மாதிரிதான். காப்பி நிறத்துல ஒரு பூச்சு, காஞ்சப்புறம் நீலம், திரும்பக் காப்பி. பதினாலு பூச்சு. அவசரப்பட்டா தாருதான் வரும்."

"பதினாலு" என்றார் அவர். "நான் அஞ்சோட விட்டுருவேன்."

"அதான்."

அப்போதுதான் மிருதுளாவைப் பார்த்தேன். துடுப்பை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்ப அந்த லெட்டர்?"

"படிச்சேன்மா. எனக்குத்தானே எழுதியிருந்த. உனக்குப் பதில் போட்டதெல்லாம் நான்தான்."

"உங்களுக்கு எழுதல. குடுத்துருங்க."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கிழித்துவிடுவாளோ என்று பயந்தேன். கிழிக்கவில்லை. பேன்ட் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவளை நான் ஏமாற்றியதாக இப்போதும் எனக்குத் தோன்றவில்லை, ஆனால் நேற்றிலிருந்து அந்த முகம்தான் கண்முன் நிற்கிறது. கூப்பிட்டு என்ன சொல்ல? எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மை, ஆள் மட்டும் வேறு என்றா?

வீரபாகு அசல் பக்கத்தை மேசைமேல் வைத்துப் பேனாவைத் திறந்தார். "இது தம்பிக்குன்னு எழுதிட்டேனேம்மா." "தம்பி கரிக்குருவிக்கு" என்பதன் மேல் ஒரு கோடு இழுத்தார். "என்ன போடட்டும்? கரிக்குருவின்னு மட்டும் போட்டுரவா?"

எனக்கு என் பேர் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் அதை வைத்து என்னைப் படுத்தாத பாடு இல்லை. லேபில்கூட ஏ.எஸ். மேடம்தான்.

"ஆவுடையம்மாள்னு போடுங்க சார்."

"ஆவுடையா?"

"ஆவுடையம்மாள். முழுசா."

எழுதினார். நானும் என் படத்தைத் திருப்பிப் பின்னால் அதே பேரை எழுதிக் கொடுத்தேன். எழுத்து கோணல்மாணலாக வந்தது. அவர் தான் இழுத்த அந்தக் கோட்டைப் பார்த்து, "அசிங்கமா இருக்கு. வெள்ளை மை இருக்கு, பூசி மறைச்சுத் தந்துரட்டா? தெரியவே தெரியாது" என்றார்.

"வேண்டாம் சார். தெரியட்டும்."

இப்போது அலமாரிக்குமேல் சாய்த்து வைத்திருக்கிறேன். இவர் ஆணி அடிக்கிறேன் என்று காலையிலிருந்து மூன்று தடவை வந்துவிட்டார். நானே அடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.